கேட்டது மூன்று வெடி

மான் வேட்டை தொடங்கும் திங்கட்கிழமை காலையில் தம்பி சாப்பிட வரவில்லை. லோரீன் பக்வீட் மாவு அடைகளைச் சுட்டு அடுக்கி, சாசேஜை வாணலியிலேயே மூடி வைத்துவிட்டு, ஜன்னலுக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டிருந்தாள். எத்தனை சண்டை போட்டிருந்தாலும் டெல்மர் அந்த ஒரு நாள் விடியலில் வந்து அவள் சமையலறை மேஜையில் உட்கார்ந்துவிடுவான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாவது உட்காருவான். அன்றைக்கு அடைகள் ஆறி ஓரம் விறைக்கும் வரை வாசலில் வண்டிச் சத்தமே இல்லை. தட்டை அப்படியே நாய்க்குக் கவிழ்த்துவிட்டு, காட்டில் தூரத்திலேயே ஆள் தெரிவதற்கான ஆரஞ்சு நிற அங்கியை மாட்டிக்கொண்டு தன் பிக்கப் வண்டியை எடுத்தாள்.

வருஷம் முழுக்க அவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். வேட்டைக் காலத்தில் மட்டும், காட்டில் சட்டம் மீறாமல் பார்த்துக்கொள்ளும் துணை வார்டன். சம்பளம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது. ஒரு பேட்ஜ், ஒரு வாக்கி டாக்கி, ஊரில் பாதிப் பேரின் முணுமுணுப்பு, அவ்வளவுதான். வட பென்சில்வேனியாவின் அந்த மலைப்பக்கத்தில் அந்தத் திங்கட்கிழமை பள்ளிக்கூடங்களுக்கே விடுமுறை. வாத்தியார்கள், பையன்கள், பால்காரர், பாங்க் மேனேஜர் எல்லோரும் காட்டுக்குள் இருப்பார்கள். அவர்கள் யார் யார், எங்கே எங்கே நிற்பார்கள் என்பது லோரீனுக்குத் தெரியும். தம்பி எங்கே நிற்பான் என்பதும் தெரியும். தெரிந்ததுதான் தொந்தரவாக இருந்தது.

சண்டை சனிக்கிழமை நடந்தது. மானைச் சுட செமி ஆட்டோமேட்டிக் ரைபிளை அனுமதிக்கலாமா என்று மாநில வேட்டை ஆணையம் யோசித்துக்கொண்டிருந்த சமயம். போல்ட், பம்ப் என்கிற மற்ற ரைபிள்களில் ஒரு குண்டு போனதும் அடுத்ததைக் கையால் இழுத்துத் தள்ளி ஏற்ற வேண்டும்; செமியில் அது தானாகவே ஏறி உட்கார்ந்துகொள்ளும், விசையை இழுக்க இழுக்கக் குண்டு போகும். வீட்டில் வைத்துக்கொள்ளத் தடையில்லை, மைதானத்தில் இலக்கு வைத்துச் சுடத் தடையில்லை. மான் என்றால் மட்டும் கூடாது. ஊர் வேட்டை கிளப் சார்பில் ஆணையத்துக்கு என்ன சொல்வது என்று முடிவு செய்யத்தான் எல்லோரும் கூடியிருந்தார்கள். பீன்ஸ் சூப்பும் ஹாமும் தீர்ந்து, காப்பி வந்த பிறகு, கிளப் தலைவர் ஹார்லன் ஃபெட்டரால்ஃப் எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒரு மானுக்கு ஒரு குண்டு போதும். போதலைன்னா நீ இன்னும் சுடக் கத்துக்கலைன்னு அர்த்தம். இதுக்கு மேல பேச என்ன இருக்கு?"

"நீங்க வச்சிருக்கறது என்ன ஹார்லன்?" என்றான் டெல்மர், இருந்த இடத்திலிருந்தே. "ஆமிஷ் மெஷின் கன்தானே?"

சிரிப்பு எழுந்தது. பம்ப் ரைபிளுக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பட்டப்பெயர்; மோட்டாரும் மின்சாரமும் வேண்டாமென்று எல்லாவற்றையும் கையாலேயே செய்கிற ஆமிஷ் குடும்பங்கள் அங்கே நிறைய. முன்னால் பிடித்த கையால் சடக் சடக்கென்று இழுத்துத் தள்ளினால் செமிக்குக் கொஞ்சமும் சளைக்காது. ஆனால் கையால் இழுப்பதால் சட்டப்படி சரி.

"போன வருஷம் ஓடைப் பக்கம் ஒரே மூச்சுல அஞ்சு குண்டு விட்டீங்களே. ஒண்ணாவது மான் மேல பட்டுச்சா? மரந்தான் செத்துச்சு."

ஹார்லனின் காது சிவந்தது. "உன் கை இப்படி ஆனதுக்கு வருத்தப்படறேன்பா. அதுக்காக ஊர் சட்டத்தை மாத்த முடியுமா? குறுக்கு வில்லை எடுத்துக்கோ. அதுக்குத்தான் அனுமதி இருக்கே."

டெல்மர் எழுந்தான். மர அறுப்பு ஆலையின் பெல்ட் அவனுடைய வலது கையில் இரண்டு விரல்களைத்தான் மிச்சம் வைத்திருந்தது. முழங்கையும் பாதிக்கு மேல் மடங்காது. இடது தோளில் வைத்து இடது விரலால் சுடப் பழகிக்கொண்டான். வலது கை துப்பாக்கியைத் தாங்கும், அவ்வளவுதான். அடுத்த குண்டை ஏற்ற வேண்டுமென்றால் துப்பாக்கியை இறக்கி மடியிலோ மரத்திலோ சாய்க்க வேண்டும். அதற்குள் மான் அடுத்த மலைக்குப் போயிருக்கும்.

"எனக்கு நிறைய மான் வேண்டாம். அடிச்ச மான் வேணும்," என்றான். "முந்தின வருஷம் ஒண்ணை வயித்துல அடிச்சேன். திரும்ப ஏத்தறதுக்குள்ள போயிடுச்சு. பொழுது சாயற வரைக்கும் ரத்தத்தைப் பிடிச்சுக்கிட்டே போனேன். கிடைக்கல. பனி கரைஞ்சப்புறம் சதுப்புல கிடந்துச்சு. நரி தின்ன மிச்சம். உங்க ஒரு குண்டு நியாயம் அந்த மானுக்குத் தெரியுமா?"

பிறகு யாரோ, "லோரீன் என்ன சொல்றா? அவதான காட்டுல சுத்தறா," என்றார்கள். அத்தனை தலைகளும் அவள் பக்கம் திரும்பின. டெல்மரும் திரும்பினான். அவன் முகத்தில் சந்தேகமே இல்லை. அக்கா தன் பக்கம்தான் என்று நம்பி நின்றான்.

அவள் மழுப்பியிருக்கலாம். வீட்டுக்குப் போன பிறகு அப்படித்தான் தோன்றியது. ஆனால் அந்த நேரத்தில் வாயில் வந்தது வேறு.

"முதல் குண்டு எனக்குப் பயமில்ல. அதை எல்லாரும் பாத்துத்தான் விடறாங்க. அதுக்கப்புறம் விடறதைத்தான் யாரும் பாக்கறதில்ல. கையால ஏத்தறப்ப ஒரு நொடி கிடைக்குதே, அந்த நொடியில மான் எங்க, பின்னாடி என்ன இருக்குன்னு மனுஷன் பாக்கறான். அதையும் எடுத்துட்டா எனக்கு இந்தக் காட்டுல நடக்க இஷ்டமில்ல."

டெல்மர் தொப்பியை எடுத்துக்கொண்டு நடந்தான். கதவருகே நின்று, "சொந்த அக்கா," என்று மட்டும் சொன்னான். கதவை அறையக்கூட இல்லை. மெதுவாகச் சாத்திவிட்டுப் போனான்.

இப்போது அவள் வண்டி கல் போல உறைந்த மண் சாலையில் குலுங்கிக்கொண்டு ஏறியது. மலைச்சரிவுக்குக் கீழே, டெல்மர் எப்போதும் நிறுத்துகிற திருப்பத்தில், அவனுடைய பச்சை வண்டி நின்றது. கண்ணாடியில் பனி படிந்திருந்தது. விடிவதற்கு முன்பே வந்திருக்கிறான். லோரீன் இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். பிளாஸ்கைத் திறந்தாள், குடிக்காமலே மூடினாள். தூரத்தில் ஆங்காங்கே வெடிச்சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு சரிவின் மேலிருந்து ஒரு வெடி. கிட்டத்தில். ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம் அமைதி. அப்புறம் இரண்டு, ஒன்றின் வாலை ஒன்று மிதித்துக்கொண்டு.

கையுறையைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள்.

பின்னாலிருந்து இன்னொரு வண்டி வந்து பக்கத்தில் ஒட்டி நின்றது. ஹார்லன் கண்ணாடியை இறக்கினார்.

"கேட்டியா?"

"கேட்டேன்."

"அது போல்ட் இல்லம்மா. பம்ப்பாவும் தெரியல. என்னோடதுன்னு சொல்லிடாதே, நான் இங்க உன் முன்னாடி இருக்கேன்."

"ரெண்டு பேர் சேந்து சுட்டிருக்கலாம்."

"சுட்டிருக்கலாம்." அவர் பச்சை வண்டியைப் பார்த்தார். வேண்டுமென்றே நிதானமாகப் பார்த்தார். "நீ போறியா? இல்ல, சங்கடமா இருந்தா சொல்லு, நானே பிரெஸ்லருக்குப் போன் போட்டுடறேன்."

பிரெஸ்லர்தான் அந்த வட்டாரத்து வார்டன், அவளுக்கு மேலதிகாரி.

"நான் போறேன். நீங்க உங்க இடத்துக்குப் போங்க," என்றாள்.

ஏறும்போது மூச்சு வாங்கியது. மெல்லிய பனியில் தம்பியின் தடம் தெளிவாக இருந்தது. அதை மிதிக்காமல் பக்கத்திலேயே ஏறினாள். அவனாக இருக்கக் கூடாது என்று நினைத்தாள். அவன்தான் என்று தெரிந்தே நினைத்தாள். பாதி வழியில் நின்று, திரும்பிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். ஹார்லன் போன் போடட்டும். ஆனால் கால் நிற்கவில்லை.

ஹெம்லாக் மரங்கள் முடிந்து வெட்டவெளி தொடங்குகிற இடத்தில் டெல்மர் விழுந்த மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தான். அவனுக்குக் கொஞ்சம் தள்ளி, சரிவின் விளிம்பில், நல்ல கொம்புள்ள கடா மான் ஒன்று கிடந்தது. செமி பக்கத்து மரத்தில் சாய்ந்திருந்தது. ஒளித்து வைக்கக்கூட முயலவில்லை.

"அடை ஆறிப்போச்சு," என்றாள் லோரீன். முதலில் வாயில் வந்தது அதுவாக இருந்ததில் அவளுக்கே எரிச்சல்.

"வருவேன்னு தெரியும்," என்றான் அவன். குரலில் சண்டை இல்லை. முகம் சிவந்து பளபளத்தது, சின்ன வயதில் ஜெயித்துவிட்டு வரும்போது இருக்குமே, அப்படி. "முதல்ல வந்து இதைப் பாரு. அப்புறம் என்ன வேணா பண்ணு. முதல் குண்டு இங்க, வயித்துல. பின்னாடி தள்ளிப் போயிடுச்சு. திரும்பி ஓட எடுத்துச்சு பாரு, அந்த எடுப்புலயே ரெண்டாவது கழுத்துல. விழுந்தது அசையல லோரி. காலைக்கூட உதைக்கல. அந்தப் பழைய போல்ட் கையில இருந்திருந்தா இது இந்நேரம் குடலை இழுத்துக்கிட்டு சதுப்புக்குப் போயிருக்கும்."

அவள் குனிந்து பார்த்தாள். அவன் சொன்னது அத்தனையும் உண்மை. வயிற்றில் ஒன்று, கழுத்தில் ஒன்று. இரண்டாவது குண்டு அந்த மானுக்குச் செய்த உபகாரம் என்றுதான் சொல்ல வேண்டும்.

"எத்தனை சுட்ட?"

"ரெண்டு. பாத்தேல்ல."

"நான் மூணு கேட்டேன்."

"எதிரொலியா இருக்கும். இந்தப் பள்ளத்துல எல்லாம் ரெண்டு தடவை கேக்கும்."

"டெல்."

"ரெண்டுன்னு சொல்றேன்ல. நான் சுட்டது எனக்குத் தெரியாதா?"

அவள் மரத்தைச் சுற்றி வந்தாள். செமி சுடச் சுட வெற்றுத் தோட்டாவைப் பக்கவாட்டில் துப்பிவிடும். ஒன்று அவன் பூட்ஸுக்கு அருகிலேயே கிடந்தது. இன்னொன்று பாசி படிந்த கல்லின் மேல். அவள் இரண்டையும் எடுத்தாள். நிம்மதியாக இருந்தது. அப்போதுதான் கல்லுக்கு அப்பால் பனியில் விரல் நுழைகிற அளவு ஒரு துளை தெரிந்தது. சூடான உலோகம் விழுந்து கரைத்துக்கொண்டு போன துளை. கையுறையைக் கழற்றி விரலை விட்டாள். அடியில், இலைக்கு மேல், மூன்றாவது இருந்தது.

உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"அது பழசு," என்றான்.

"பழசு பனியில ஓட்டை போடாதுடா."

அவன் எழுந்து ரைபிளை எடுத்தான். தோட்டாப் பெட்டியைக் கழற்றினான். இருக்கிற இரண்டு விரலால் தடுமாறித் தடுமாறி, உள்ளே மிச்சமிருந்த குண்டுகளை ஒவ்வொன்றாக மடியில் தள்ளினான். அதைப் பார்த்தான். மறுபடி பெட்டிக்குள் பார்த்தான். கிளம்பும்போது எவ்வளவு போட்டான் என்று அவனுக்குத் தெரியும். முகத்திலிருந்த சிவப்பு வடிந்தது.

"நான் இழுக்கல," என்றான். "லோரி, நிஜமா சொல்றேன், இழுத்த ஞாபகமே இல்ல. மான் விழுந்ததைப் பாத்தேன். அதோட நிறுத்திட்டேன்னுதான்..."

அந்த நேரத்தில் மூன்றாவது தோட்டாவை அவள் விரல்கள் மூடிக்கொண்டிருந்தன. அங்கியின் பை பக்கத்திலேயே இருந்தது. தடைசெய்த ரைபிள், இரண்டு குண்டு, சுத்தமாக விழுந்த மான். அதோடு விட்டுவிடலாம். அதற்கான தண்டனையே போதும். அப்படி ஒரு எண்ணம் முழுசாக எழுந்து நின்றது. கூடவே இன்னொன்றும் எழுந்தது: ஒன்று வயிற்றில், ஒன்று கழுத்தில். அப்படியானால் இது எங்கே?

அவன் நின்ற இடத்தில் போய் நின்றாள். மான் விழுந்த விளிம்பைப் பார்த்தாள். அதற்கு நேர் பின்னால் மரங்கள் விலகி, கீழே பள்ளத்தாக்கு திறந்திருந்தது. வெட்டிய சோளக் கொல்லை. அதன் கோடியில் ஹோஸ்டெட்லர் வீட்டின் வெள்ளைச் சுவர், களஞ்சியம், கம்பியில் வரிசையாகத் தொங்கிய கறுப்புக் கால்சட்டைகள், நீலச் சட்டைகள், வெள்ளை விரிப்புகள். ஆமிஷ் வீடுகளில் திங்கட்கிழமைதான் துணி துவைக்கும் நாள். வேட்டை தொடங்குகிற நாளாக இருந்தாலும் துவைப்பார்கள்.

லோரீன் ஓடினாள். சரிவில் இரண்டு இடத்தில் விழுந்து எழுந்தாள். பின்னால் டெல்மர் கூப்பிடுவது கேட்டது. திரும்பவில்லை. கொல்லையின் சோளத் தட்டைகள் காலை அறுத்தன. முற்றத்தில் ஆள் நடமாட்டம் தெரிகிறதா, யாராவது தரையில் கிடக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே ஓடினாள். துணிகள் மறைத்தன.

மலிண்டா ஹோஸ்டெட்லர் கம்பிக்கருகில் நின்றுகொண்டிருந்தாள். ஈரமான வெள்ளை விரிப்பு ஒன்றை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, கடையில் துணி பார்ப்பதுபோல வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு துளை. அதன் வழியே வானம் தெரிந்தது.

"வா லோரீன்," என்றாள். "இது உங்க ஆளுங்க வேலைதானே?"

"உனக்கு ஒண்ணும் இல்லையே? பிள்ளைங்க?"

"பிள்ளைங்க எல்லாம் உள்ள. நான் இங்கதான் நின்னேன். கிளிப் கீழ விழுந்துச்சு, எடுக்கக் குனிஞ்சேன். தலைக்கு மேல விர்ருன்னு போச்சு. தேனீன்னு நினைச்சேன். அப்புறந்தான், இந்தக் குளிர்ல ஏது தேனீன்னு தோணுச்சு."

அவள் குரல் நிதானமாகத்தான் இருந்தது. ஆனால் ஏப்ரன் பையில் இருந்த மரக் கிளிப்புகள் ஒன்றோடொன்று மோதி விடாமல் சத்தம் போட்டுக்கொண்டிருந்தன. லோரீன் அதைக் கேட்டாள். மலிண்டாவும் கேட்டிருக்க வேண்டும். பையின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

டெல்மர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். துப்பாக்கி கையில் இல்லை. விரிப்பைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான்.

"நீயா?" என்றாள் மலிண்டா.

"நான்தான்."

"பாத்துச் சுட்டியா, பாக்காம சுட்டியா?"

"சுட்டதே எனக்குத் தெரியாது, மலிண்டா."

மலிண்டா விரிப்பை இறக்கினாள். "அது இன்னும் மோசமில்லையா?" என்றாள். குத்திக்காட்டுகிற தொனியே இல்லை, நிஜமாகவே கேட்டாள்.

அவள் கணவன் எனோஸ் களஞ்சியத்திலிருந்து வந்தான். மான் வேட்டையில் அவனும் ஆர்வக்காரன்தான். மாட்டுக்குப் பிரசவ நேரம் என்று அன்று காட்டுக்குப் போகவில்லை. துவைக்கிற கொட்டகையின் மரத்தூணில் குண்டு பாய்ந்திருந்தது. அதைத் தடவிப் பார்த்துவிட்டு டெல்மரிடம், "ரெண்டும் ஒட்டிக்கிட்டே கேட்டுச்சே. அவ்வளவு வேகமாவா அது சுடும்?" என்றான். தாடிக்குள் ஆசை தெரிந்தது. மலிண்டா அவர்களுடைய ஜெர்மன் பேச்சில் சின்னதாக ஏதோ சொன்னாள். எனோஸ் வாயை மூடிக்கொண்டு தரையைப் பார்த்தான்.

லோரீன் போனை எடுத்துக்கொண்டு வேலிப் பக்கம் போனாள். டெல்மர் பின்னாலேயே வந்தான்.

"ரைபிளைச் சொல்லு. அதுக்கு நான் தயாராத்தான் போனேன். இதை மட்டும் விட்டுடு. எனோஸ்கிட்ட நான் பேசிக்கறேன். அவங்க போலீஸ், புகார்னெல்லாம் போக மாட்டாங்க. உனக்கே தெரியும்."

"அவங்க போக மாட்டாங்கன்னுதான் நான் போகணும்."

"ஹார்லன் இதை வச்சு ஊர் ஊரா கதை சொல்வார். சனிக்கிழமை நீ சொன்னது ஜெயிச்சிடுச்சுன்னு ஆகும். அதுதானே உனக்கு வேணும்?"

அவளுக்குக் கை ஓங்கிவிடலாம் போல வந்தது. "எனக்கு என்ன வேணும்னு உனக்குத் தெரியுமாடா? அந்தச் சரிவுல ஓடி வர்றப்ப, அவ இங்க செத்துக் கிடப்பான்னு நினைச்சுக்கிட்டே வந்தேன். அவளைப் பத்திக்கூட இல்ல. உன்னைப் பத்தி நினைச்சேன். இனி இவன் எப்படித் தூங்குவான்னு நினைச்சேன்."

அவன் வேலியில் முதுகைச் சாய்த்தான். கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து உறைந்த புல்லில் உட்கார்ந்தான். "பண்ணு," என்றான்.

பிரெஸ்லர் வந்தார். சொந்தத் தம்பி என்பதால் லோரீன் ஒதுங்கி நிற்க வேண்டியிருந்தது. அவர் ரைபிளை எடுத்துக்கொண்டார், கடாவை எடுத்துக்கொண்டார், அவள் கையிலிருந்து மூன்று தோட்டாவையும் வாங்கிக்கொண்டார். டெல்மர் எதையும் மறைக்கவில்லை. மலிண்டா அன்று மிச்சத் துணியை வெளியே உலர்த்தவில்லை. கூடையை அப்படியே தூக்கி உள்ளே கொண்டுபோனாள்.

டெல்மருக்கு அபராதத்தோடு சில வருஷங்களுக்கு வேட்டை உரிமமும் போயிற்று. வில்லுக்கும் அதே தடைதான். கிறிஸ்துமஸ் விருந்துக்கு அவன் வரவில்லை. லோரீன் அவன் வீட்டு வழியாகத்தான் தினமும் பஸ்ஸை ஓட்டினாள். புகைபோக்கியில் புகை வருகிறதா என்று பார்த்துவிட்டுப் போவாள். புகை வராத நாளில் அடுத்த நிறுத்தம் வரை கியர் சரியாக விழாது.

ஜனவரியில் ஹார்லன் அவளைத் தேடி வந்தார். ஆணையம் தலைநகரில் கூட்டம் போடுகிறது, கிளப் சார்பில் அவள் வந்து பேச வேண்டும் என்றார்.

"நடந்ததை அப்படியே சொன்னா போதும். செமியால ஒரு பொம்பளை தலையே போக இருந்துச்சுன்னு சொல்லு. அதுக்கு மேல யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க."

"அப்படியே சொல்லணும்னா முழுசாச் சொல்லுவேன்," என்றாள் லோரீன். "ரெண்டாவது குண்டு இல்லைன்னா அந்த மான் ராத்திரி முழுக்கக் கிடந்து செத்திருக்கும். அதையும் சொல்லுவேன். மூணாவது குண்டை அவன் விட்டது அவனுக்கே தெரியலைங்கறதையும் சொல்லுவேன். உங்க பம்ப்பும் கிட்டத்தட்ட அதே வேகந்தான்னு கேட்டா, ஆமான்னு சொல்லுவேன்."

"அப்ப நீ எந்தப் பக்கம்?"

"வேண்டாங்கற பக்கந்தான். ஆனா பாதியை மறைச்சுட்டுப் பேச மாட்டேன்."

ஹார்லன் தாடையைச் சொறிந்தார். "பாதியே போதும்னுதான் நான் வந்தேன்," என்று ஒப்புக்கொண்டு போனார். வேறு யாரையோ அனுப்பினார்கள்.

வசந்தத்தில் முடிவு வந்தது. முயல், கொயோட் நரி மாதிரியானவற்றுக்கு செமி சரி, மானுக்கு இல்லை. வானொலியில் கேட்டதும் லோரீன் பஸ்ஸை நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு நேரே தம்பி வீட்டுக்குப் போனாள். எதற்குப் போகிறோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. ஜெயித்தவள் மாதிரியும் இல்லை, வருத்தம் சொல்லப் போகிறவள் மாதிரியும் இல்லை. டெல்மர் முற்றத்தில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்தான்.

"கேட்டேன்," என்றான் அவள் சொல்வதற்கு முன்பே.

"ம்."

"இன்னமும் நான் அந்த முடிவு சரியில்லைன்னுதான் சொல்லுவேன். செமி எனக்கு வேண்டாம். நான் தொடப் போறதில்ல. ஆனா என்னை மாதிரி கையுள்ளவன் இன்னும் எத்தனை பேர் இருக்கான். என் விரல் தப்புப் பண்ணுச்சுன்னு அவனுக்கெல்லாம் ஏன் கதவைச் சாத்தணும்?"

"உன் விரலை விட நிதானமான விரல் எங்க இருக்கு? உனக்கே தெரியாம போச்சுன்னா மத்தவனுக்கு?"

"ஹார்லனுக்குப் பம்ப் இருக்கே."

"இருக்கு. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல."

அவன் ஒரு கட்டையை வைத்தான், எடுத்தான், வேறு இடத்தில் வைத்தான். "விரிப்பு வாங்கிக் குடுத்தேன்," என்றான். "மலிண்டா வாங்கிக்கல. பழசையே ஒட்டுப் போட்டுக்கிட்டாளாம். எனோஸ்தான் காப்பி குடுத்தான். அந்தத் தூணைக் காட்டினான். குண்டை நோண்டி எடுத்துட்டான், ஓட்டையை அடைக்கல."

லோரீன் கையுறையை மாட்டிக்கொண்டு விறகுக் குவியலிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள். அவன் வாங்கினான். இரண்டு விரலுக்கும் முன்கைக்கும் நடுவில் இடுக்கி, வரிசையில் வைத்தான். அவள் அடுத்ததை எடுத்தாள்.

"மெல்லக் குடு," என்றான். "நீ எப்பவும் அவசரம்."